நாலரைக் கட்டையும் ஷோப்பனும்: தனிப் பியானோக் கச்சேரியை நாம் கேட்பது எப்படி?

"தமிழ்மொழிக் கழக மலரில் பியானோவா?" இக்கட்டுரையின் தலைப்பைச் சொன்னவுடன் மலர்க்குழுவில் எழுந்த முதல் கேள்வி இதுதான். நாதஸ்வரம், தவில், உறுமி, பறை என எழுதுவதற்கு எவ்வளவோ இருக்க, இது எதற்கு என்றார் ஒரு நண்பர். "அது வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறதாச்சே!" என்றார் இன்னொருவர். இரண்டாவது கேள்விதான் என்னை இக்கட்டுரையை எழுத வைத்தது. வாசிப்பதற்கு வசதி வேண்டும் என்பது உண்மைதான். ஒரு நல்ல பியானோவின் விலையில் ஒரு கார் வாங்கலாம். ஆனால் கேட்பதற்கு என்ன வேண்டும்? இரண்டு காதும் சிறிது பொறுமையும் வேண்டும். கொஞ்சம் வழிகாட்டலும் இருந்தால் நல்லது. அந்த வழிகாட்டலைத்தான் இங்கே தமிழில் தர முயன்றிருக்கிறேன். நான் இசை மாணவி அல்லள். மின்னியல் பொறியியல் பயில்பவள். ஆகவே, என்னைப் போலவே ஒன்றும் தெரியாத இடத்திலிருந்து தொடங்குபவர்களுக்கே இது.

எங்கள் வீடு கூலிம் ஹைடெக் பூங்காவிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் ஒரு தாமானில் இருக்கிறது. 1996-இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட அப்பூங்கா, நாட்டின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்காவாகும். பாடாங் செராய், லூனாஸ் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வெளியேறிய பல தமிழ்க் குடும்பங்களைப் போலவே எங்கள் குடும்பமும் இரண்டு தலைமுறையில் பால்மரத்திலிருந்து மின்சில்லுக்கு வந்தது. தாத்தாவும் பாட்டியும் மரம் வெட்டியவர்கள். அம்மா பன்னிரண்டு மணி நேர 'ஷிப்ட்' வேலை செய்பவர். இந்தப் பாதையில் பியானோ எங்கே குறுக்கிட்டது என்று கேட்பீர்கள். நான் படித்த இடைநிலைப் பள்ளியின் மண்டபத்தில் ஒரு பியானோ இருந்தது. எப்போதும் பூட்டியே கிடக்கும். ஆண்டுக்கு ஒரு முறை பரிசளிப்பு விழாவன்று மட்டும் திறப்பார்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த நாங்கள் அதை ஒரு மேசையாகவே அறிந்திருந்தோம். ஆனால் உண்மையில் அப்பெட்டியின் பாதி இரகசியம் எங்கள் வீட்டிலேயே இருந்தது. அது தாத்தாவின் ஆர்மோனியம்.

ஆர்மோனியத்திலிருந்து தொடங்குவோம்

தாத்தா தோட்டத்து மாரியம்மன் கோயில் பஜனைக் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர். "ஆம்பளைக்கு ஒண்ணு, பொம்பளைக்கு அஞ்சரை" என்று சுருதி சொல்வார். 'கட்டை' என்ற இச்சொல்லை நாம் அனைவரும் பயன்படுத்துகிறோம். அது எங்கிருந்து வந்தது என்று யோசிப்பதில்லை. அது ஆர்மோனியத்தின் கட்டைதான். வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு, மூன்று என எண்ண வேண்டும். இடையில் உள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மேற்கத்தியர் 'சி' என்று சொல்வது நமக்கு ஒரு கட்டை. 'ஜி' ஐந்து கட்டை. ஆக, பியானோவின் முன் அமரும் தமிழன் முற்றிலும் அந்நியமான ஒன்றின் முன் அமர்வதில்லை. ஒரு ஸ்தாயிக்கு ஏழு வெள்ளை, ஐந்து கறுப்பு, ஆகப் பன்னிரண்டு கட்டைகள். கர்நாடக இசையின் சுரத்தானங்களும் பன்னிரண்டே.

இதை வைத்து ஒரு சிறு பயிற்சி செய்து பார்க்கலாம். கைப்பேசியில் ஏதேனும் ஒரு கீபோர்டு செயலி போதும். ஒரு கட்டையில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக அழுத்துங்கள். சங்கராபரணத்தின் சுரங்கள் வரும். அதே வெள்ளைக் கட்டைகளை இரண்டாம் கட்டையிலிருந்து தொடங்கினால் கரகரப்பிரியா, மூன்றிலிருந்து தோடி, நான்கிலிருந்து கல்யாணி, ஐந்திலிருந்து அரிகாம்போதி, ஆறிலிருந்து நடபைரவி. நம் இசைநூல்கள் இதைக் கிரகபேதம் என்கின்றன. இப்போது நாலரைக் கட்டைக்குப் போய், கறுப்புக் கட்டைகளை மட்டும் தொடுங்கள். ச ரி க ப த. ஆம், மோகனம்!

ஆனால் சுரங்கள் வந்துவிட்டால் இராகம் வந்துவிடுமா? வராது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. அது அசைந்தால்தான் தோடி. கட்டையோ அசையாது. இக்குறையைக் காரணம் காட்டித்தான் அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தையே ஒலிபரப்பிலிருந்து விலக்கி வைத்தது. 1971 வரை அத்தடை முழுமையாக நீடித்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வானொலியில் இடமில்லாமல் இருந்த அக்கருவிதான் அதே காலத்தில் மலாயாத் தோட்டத்துக் கோயில்களில் பஜனைகளைத் தாங்கிக்கொண்டிருந்தது. தடை போட்டவர்களின் வாதத்தில் நியாயம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். குழைவுதான் நம் இசையின் உயிர். அது இல்லாத ஒரு பெட்டியை நாம் ஏன் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கேட்க வேண்டும்?

தேய்ந்துகொண்டே இருக்கும் ஒலி

பியானோவின் நிலைமை ஆர்மோனியத்தைவிட ஒரு வகையில் மோசம். ஆர்மோனியத்தில் துருத்தியை அழுத்தினால் ஒலி நிற்கும், வளரும். வீணையில் மீட்டிய பிறகு தந்தியை இழுத்துச் சுரத்தை வளைக்கலாம். பியானோவில் இரண்டுமே முடியாது.

காரணம் அதன் உள்ளமைப்பு. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பார்தோலோமியோ கிறிஸ்தோஃபோரி என்பவர் 1700-ஆம் ஆண்டு வாக்கில் இக்கருவியை உருவாக்கினார். அதற்கு முன்பிருந்த ஹார்ப்சிகார்டு தந்தியைக் கிள்ளி ஒலி எழுப்பும்; மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஏறக்குறைய ஒரே ஒலிதான். கிறிஸ்தோஃபோரி கிள்ளுவதற்குப் பதில் ஒரு சிறு சுத்தியலால் தந்தியைத் தட்டச் செய்தார். விரலின் வேகத்திற்கேற்ப ஒலி மெலிந்தும் ஓங்கியும் வந்தது. இத்தாலிய மொழியில் 'பியானோ' என்றால் மென்மை, 'ஃபோர்ட்டே' என்றால் உரக்க. 'பியானோஃபோர்ட்டே' என்ற முழுப்பெயரின் சுருக்கமே இன்றைய பெயர்.

பொறியியல் மாணவி என்பதால் இங்கே சற்று நின்றுதான் போக வேண்டியிருக்கிறது. சுத்தியல் தந்தியில் ஒட்டிக்கொண்டே இருந்தால் ஒலி அடங்கிவிடும் அல்லவா? ஆகவே, தந்தியைத் தொடுவதற்குச் சற்று முன்பே சுத்தியல் கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டு, தானாகப் பறந்து சென்று தட்டிவிட்டுத் திரும்புகிறது. அந்த விடுவிப்பு அமைப்புதான் கிறிஸ்தோஃபோரியின் மேதைமை. ஆனால் அதன் விளைவைக் கவனியுங்கள். சுத்தியல் விடுபட்ட அந்தக் கணத்திற்குப் பிறகு, வாசிப்பவர் அந்த ஒலிக்கு எதுவுமே செய்ய முடியாது. வளைக்க முடியாது, வளர்க்க முடியாது. எப்போது நிறுத்துவது என்பது மட்டுமே அவர் கையில் (மிதிகட்டையை மிதித்தால், காலில்) இருக்கிறது. இன்றைய பெரிய பியானோவில் 88 கட்டைகள், இருநூறுக்கும் மேற்பட்ட தந்திகள், மொத்தத்தில் ஏறத்தாழ இருபது டன் இழுவிசை. இத்தனை பிரம்மாண்டமும் சேர்ந்து எழுப்பும் ஒவ்வோர் ஒலியும் பிறந்த கணத்திலிருந்தே தேயத் தொடங்குகிறது.

என் கருத்தில், பியானோ இசையைப் புரிந்துகொள்ள நமக்கு வேண்டிய திறவுகோல் இதுதான். தேய்ந்துகொண்டே இருக்கும் ஒலிகளை வைத்துக்கொண்டு எப்படிப் பாட வைப்பது? பியானோவிற்காக எழுதப்பட்ட பேரிலக்கியங்களில் பல இக்கேள்விக்கான விடைகளே. 'கமகம் இல்லையே' என்று எண்ணிக்கொண்டு கேட்பவர் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுவார். 'கமகம் இல்லாத இவர் என்ன செய்யப் போகிறார் பார்ப்போம்' என்று கேட்பவர் எழ மாட்டார்.

ஒருவரே மேடையில்

இன்று நாம் 'ரிசைட்டல்' என்று சொல்லும் தனிக்கச்சேரிக்கு இருநூறு ஆண்டு வயதுகூட ஆகவில்லை. முன்பெல்லாம் ஐரோப்பியக் கச்சேரிகளில் பாடகர், வயலின், இசைக்குழு எனப் பலரும் மாறி மாறி வருவார்கள். பியானோ வாசிப்பவர் அவர்களுள் ஒருவர். ஹங்கேரியில் பிறந்த ஃபிரான்ஸ் லிஸ்ட் 1839-இல் துணைக்கலைஞர் எவருமின்றித் தாமே முழுக்கச்சேரியையும் நடத்தத் தொடங்கினார். 1840 ஜூன் 9-ஆம் நாள் இலண்டன் ஹானோவர் சதுக்க மண்டபத்தில் அவர் வாசித்தபோதுதான் 'ரிசைட்டல்' என்ற சொல் விளம்பரத்தில் இடம்பெற்றது. கவிதையை ஒப்புவிப்பதற்கு உரிய சொல் அது. பியானோவில் எப்படி ஐயா ஒப்புவிப்பது என்று அன்று பலர் கேலி செய்தார்களாம். பியானோவைப் பக்கவாட்டில் திருப்பி, அதன் மூடியைத் திறந்து, ஒலி அவையை நோக்கிப் போகும்படி வைத்ததையும் லிஸ்ட் பிரபலமாக்கினார். தாளைப் பார்க்காமல் மனனமாக வாசிக்கும் வழக்கத்தை நிலைநாட்டியதில் அவருக்கும் கிளாரா ஷூமானுக்கும் பெரும் பங்குண்டு. ஒரு பெண் தாளின்றி மேடையேறியதை அக்காலத்தில் சிலர் திமிர் என்றே பார்த்தனர் என்பது ஓர் இடைச்செய்தி.

நம் கச்சேரியோடு ஒப்பிட்டால் வேறுபாடு உடனே தெரியும். நம் பாடகருக்குப் பக்கத்தில் வயலினும் மிருதங்கமும் உண்டு, பின்னால் தம்புரா. அவர் ஒரு கணம் ஓய்ந்தாலும் அவை ஓயாது. தனிப் பியானோக் கலைஞருக்குச் சுருதிப்பெட்டிகூடக் கிடையாது. பாட்டு, பக்கவாத்தியம், தாளம் அத்தனையும் பத்து விரலில்.

என்ன கேட்பது?

முதலில் ஜெர்மானியரான யோகான் செபாஸ்தியன் பாக். இவர் 1722-இல் தொகுத்த நூலில் பன்னிரண்டு சுருதிக்கும், ஒவ்வொன்றிலும் மேஜர், மைனர் என இரு வகைக்குமாக 24 இணைகள் உள்ளன; பின்னாளில் இரண்டாம் பாகமாக மேலும் 24 சேர்த்தார். எல்லாக் கட்டைகளையும் ஆதாரமாக வைத்துப் பாட முடியும் என்று காட்டும் முயற்சி இது. 72 மேளகர்த்தாவிலும் தமிழில் கீர்த்தனை பாடிய கோடீஸ்வர ஐயரை நினைவுபடுத்திக்கொண்டால் இம்முயற்சியின் சுவை நமக்குப் புரியும். பாக்கின் இந்நூலைப் பழைய ஏற்பாடு என்றும், பீத்தோவனின் 32 சொனாட்டாக்களைப் புதிய ஏற்பாடு என்றும் ஹான்ஸ் ஃபான் பியூலோ என்ற கலைஞர் வருணித்தார். நாம் தொல்காப்பியமும் குறளும் என்று வைத்துக்கொள்ளலாம்; முன்னது இலக்கணமாகவும் இருக்கிறது என்பதால் சொல்கிறேன்.

இவரின் 'கோல்ட்பெர்க் வேறுபாடுகள்' 1741-இல் வெளிவந்தது. இரண்டு அடுக்குக் கட்டைகள் கொண்ட ஹார்ப்சிகார்டுக்காக எழுதப்பட்டது. இன்று பியானோவில் பெரிதும் வாசிக்கப்படுகிறது. முதலில் 32 அளவைகள் கொண்ட ஓர் அமைதியான பாட்டு. பிறகு முப்பது வேறுபாடுகள். இறுதியில் அதே பாட்டு மீண்டும். புதிதாகக் கேட்பவர் முதலில் தடுமாறுவது இங்கேதான். வேறுபாடுகளில் முதல் பாட்டின் மெட்டைத் தேடினால் கிடைக்காது. மாறாமல் வருவது இடக்கையின் அடிநாதமும் அதன் மேல் எழும் சுரக்கூட்டுகளும்தான். ஒரே சந்தத்தில் முப்பது வேறு பாடல்கள் எழுதியது போல. ஒவ்வொரு மூன்றாவது வேறுபாட்டிலும் ஒரு குரல் தொடங்க, இன்னொரு குரல் அதே வரியைச் சற்றுத் தாமதித்துப் பின்தொடரும். இருபத்தேழாவது வரை இந்த ஒழுங்கு பிசகுவதில்லை. முப்பதாவதில் அந்த வரிசையை முறித்து, அக்காலத்து வேடிக்கைப் பாட்டுகளை ஒன்றோடொன்று பின்னி வைத்துவிட்டார் மனிதர்! தேயும் ஒலிக்குப் பாக்கின் விடை இதுதான்: ஒரு குரல் தேயும்போது இன்னொரு குரல் பேசிக்கொண்டிருக்கும், காதுக்கு வெற்றிடமே கிடைக்காது.

கனடாக் கலைஞர் கிளென் கூல்டு இதை 1955-இல் பதிவு செய்தபோது 38 நிமிடம் பிடித்தது; 1981-இல் மீண்டும் பதிவு செய்தபோது 51 நிமிடம். ஒரே படைப்பு, ஒரே மனிதர். தொழிற்பயிற்சிக் காலத்தில் ஹைடெக் பூங்காவிலிருந்து தொழிற்சாலைப் பேருந்தில் வீடு திரும்புகையில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்பேன். இரவு வேலை முடிந்த காலையில் பழைய பதிவு ஒத்துவராது, அவ்வளவு துள்ளல். பிந்தியதில் முதல் பாட்டையே அவர் அத்தனை மெதுவாக வாசிக்கிறார், ஒவ்வொரு சுரமும் கரைவதைக் காதால் பின்தொடரலாம்.

அடுத்து பீத்தோவன். 'நிலவொளி' சொனாட்டா 1801-இல் எழுதப்பட்டது. அப்பெயர் அவர் வைத்ததன்று. அவர் இறந்த பிறகு ரெல்ஸ்டாப் என்ற விமர்சகர் ஓர் ஏரியின் மேல் விழும் நிலவோடு ஒப்பிட்டதால் ஒட்டிக்கொண்டது. கைப்பேசி விளம்பரம் வரை தேய்ந்துபோன அந்த முதல் பகுதியைப் புதிதாகக் கேட்க ஒரு வழி உண்டு. தந்திகளை அடக்கும் அணைப்பான்களை விலக்கி வைத்தே அப்பகுதி முழுவதையும் வாசிக்க வேண்டும் என்று பீத்தோவன் குறித்திருக்கிறார். அவர் காலத்துப் பியானோவில் ஒலி விரைவில் தேய்ந்துவிடும். ஆகவே ஒலிகள் இலேசாக ஒன்றன்மேல் ஒன்று படியும். இன்றைய பியானோவில் அப்படியே செய்தால் எல்லாம் குழம்பிச் சேறாகிவிடும். எனவே ஒவ்வொரு கலைஞரும் மிதிகட்டையைப் பாதி மிதித்தும் அடிக்கடி மாற்றியும் தமக்கென ஒரு வழி தேடுகிறார். இரண்டு பேரின் பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டு, மெட்டை விட்டுவிட்டு அந்தப் படிவை மட்டும் கவனியுங்கள். அப்படியே மூன்றாம் பகுதியையும் கேட்டுவிடுங்கள். நிலவுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, புயல் அது.

ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது அவரின் கடைசிச் சொனாட்டா, 111-ஆம் எண் படைப்பு, 1822-இல் முடித்தார். அப்போது அவர் செவிப்புலனை ஏறக்குறைய முழுமையாக இழந்துவிட்டவர். இதில் இரண்டே பகுதிகள். இரண்டாவது, ஓர் எளிய பாட்டும் அதன் வேறுபாடுகளும். முடிவை நெருங்கும்போது மேல் ஸ்தாயியில் இரண்டு அடுத்தடுத்த சுரங்கள் இடைவிடாமல் மாறி மாறி ஒலிக்கும் நீண்ட அசைவு ஒன்று தொடங்குகிறது. மேற்கத்தியர் இதை 'டிரில்' என்பர். பியானோவில் ஒரு சுரத்தைத் தேயவிடாமல் காப்பதற்கு உள்ள ஒரே வழி, அதைத் திரும்பத் திரும்பப் பிறப்பிப்பதுதான். அந்த அசைவின் நிழலில் அதே எளிய பாட்டு திரும்புகிறது. கட்டைகளால் கமகத்தை எட்டிப்பிடிக்க முடிந்த மிக நெருங்கிய தூரம் இதுவாகத்தான் இருக்கும் என்று நான் நினைக்கிறேன். இசை கற்றவர்கள் இதை மறுக்கலாம். மறுத்து எழுதினால் அடுத்த மலரில் படிக்கக் காத்திருக்கிறேன்.

போலந்தில் பிறந்து பாரிசில் வாழ்ந்த ஷோப்பனுக்கு விடை வேறு. அவர் பாடகர்களிடம் போனார். இத்தாலிய இசைநாடகப் பாடகர்களைக் கேட்குமாறு தம் மாணவர்களுக்குச் சொல்வார். பியானோவைப் பாட வையுங்கள் என்பதே அவர் பாடம். 1832-இல் வெளிவந்த 9-ஆம் எண் படைப்பின் இரண்டாவது நாக்டர்னில் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். வரும்போதெல்லாம் புதிய நகாசு. சங்கதி போடுவது என்று நாம் சொல்வோமே, அதுதான். இடக்கை தாளத்தை விடாமல் பிடித்திருக்க, வலக்கை சற்றுத் தயங்கியும் முந்தியும் செல்லும். தாளம் போட்டுக் கேட்டுப் பழகிய நமக்கு இது எளிதில் பிடிபடும்.

நாலரைக் கட்டைக்கு இப்போது வருகிறேன். ஷோப்பனின் 10-ஆம் எண் பயிற்சிப் பாடல்களில் ஐந்தாவதற்குக் 'கறுப்புக் கட்டைப் பயிற்சி' என்று பெயர். வலக்கை ஒரேயோர் இடம் தவிர முழுக்க முழுக்கக் கறுப்புக் கட்டைகளில் மட்டுமே ஓடும். ஆதார சுரம் நாலரைக் கட்டை. அதாவது வலக்கைக்குக் கிடைத்திருக்கும் சுரங்கள் நம் மோகனத்தின் சுரங்கள்! இதைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் தாத்தாவுக்கு யூடியூப்பில் போட்டுக் காட்டினேன். ஒன்றே முக்கால் நிமிடம். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "சுரம் மோகனந்தாம்மா. ஆனா மோகனம் இல்ல" என்றார். பிறகு, "அந்த எடக்கைய மட்டும் தனியாப் போட முடியுமா?" என்று கேட்டார்.

பல கட்டுரைகள் சொல்லாததைத் தாத்தா கேட்டுவிட்டார். வலக்கையில் ஐந்தே சுரம், அது மாறுவதில்லை. ஆனால் இடக்கை அடியில் சுரக்கூட்டுகளை மாற்றிக்கொண்டே போகிறது. அடி மாற மாற, மேலே அதே சுரம் வேறு முகம் காட்டுகிறது. நாம் சுரத்தையே அசைத்து உணர்ச்சியை மாற்றுகிறோம். அவர்கள் சுரத்தை நிறுத்திவைத்து, அது நிற்கும் தரையை அசைக்கிறார்கள்.

ஒன்றை விரைவாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். 1889-இல் பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியில் ஜாவாவிலிருந்து வந்த கெமலான் குழுவைக் கேட்ட பிரெஞ்சுக்காரர் குளோட் டெபூசி அதை மறக்கவே இல்லை. 1903-இல் அவர் எழுதிய 'பகோடாக்கள்' என்ற பியானோப் படைப்பில் அந்த மணியோசை கேட்கிறது. தேய்வதை மறைக்க வேண்டாம், தேய்வதே அழகு என்று அவர் கெமலானிடமிருந்து கற்றுக்கொண்டார் போலும். நம் பல்கலைக்கழகங்களில் கெமலான் ஒலிக்கக் கேட்டவர்கள் பலர் இருப்பீர்கள். நம் வட்டாரத்து ஓசை ஒன்று ஐரோப்பியப் பியானோவிற்குள் புகுந்து நூறாண்டுக்கு மேலாகிவிட்டது.

தமிழர் கையில்

சென்னைக்கும் பியானோவுக்கும் உள்ள உறவு பழையது. 1842-இல் தொடங்கிய இசைக்கருவிக் கடை ஒன்றின் வழிவந்த 'மியூசி மியூசிக்கல்' இன்றும் அங்கே இருக்கிறது. பண்ணைப்புரத்திலிருந்து சென்னை வந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றதும், 1986-இல் வெளிவந்த 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பில் பாக்கை வீட்டில் சந்தித்ததாகவே ஒரு படைப்புக்குப் பெயர் வைத்ததும் நம்மில் பலருக்குத் தெரியும். ஏ.ஆர்.ரகுமான் 2008-இல் கே.எம். இசைக் கல்லூரியை நிறுவினார்.

அங்கே பயின்ற சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம், 2019-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியான 'த வேர்ல்ட்ஸ் பெஸ்ட்'டில் பத்து இலட்சம் டாலர் பரிசு வென்றபோது நம் வாட்ஸ்அப் குழுக்களெல்லாம் நிறைந்து வழிந்தன. 'வண்டின் பறத்தல்' என்ற துண்டை நிமிடத்திற்கு 208 அடி வேகத்திலும், பிறகு 325 அடி வேகத்திலும் வாசித்தார். வியப்பில் ஐயமில்லை. ஆனால் அத்துண்டு பியானோவுக்காக எழுதப்பட்டதே அன்று. ரிம்ஸ்கி-கோர்சகோவின் இசைநாடகம் ஒன்றில் இசைக்குழு வாசிக்கும் இடைப்பகுதி. வேகத்தைப் பார்த்துப் பியானோவிற்குள் வந்தவர்கள் அங்கேயே நின்றுவிடக் கூடாது என்பதே என் கவலை. நம் பிள்ளை ஒருவன் வென்றான் என்று பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் அவன் வாசித்த வேறு எதையேனும் முழுதாகக் கேட்டோம்?

இன்னொரு வழியில் செல்பவர் அனில் சீனிவாசன். மேற்கத்தியப் பியானோ பயின்ற இவர், பாடகர் சிக்கில் குருசரணுடன் பல ஆண்டுகளாகச் சேர்ந்து கச்சேரி செய்கிறார். இவர்களைக் கேட்கும்போது கவனிக்க வேண்டியது, பியானோ எதைச் செய்யாமல் விடுகிறது என்பதை. கமகத்தைப் பாடகரிடமே விட்டுவிட்டு, அதற்கு அடியில் சில சுரக்கூட்டுகளை மட்டும் வைத்து, இடம் விட்டு நகர்கிறார். குரலைப் போலச் செய்து காட்ட முயன்றிருந்தால் தோற்றிருப்பார்.

நம் நாட்டுக் கதை சற்று வேறு. பினாங்கில் பிறந்து இலண்டனில் பயின்ற டென்னிஸ் லீ, சிரம்பானில் பிறந்த மெய் யி ஃபூ, இளைஞர் தெங்கு அகமட் இர்ஃபான் ஆகியோர் உலக மேடைகளில் வாசித்தவர்கள். கூலிம் பட்டணத்திலும் கடைவீட்டு மாடிகளில் பியானோ வகுப்புகள் நடக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பிரிட்டனின் எட்டு நிலைத் தேர்வுகளுக்கான வகுப்புகளே. எட்டாம் நிலைச் சான்றிதழ் வந்ததும் கட்டையைத் தொடாத நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். அவர்களுள் ஒருத்தி ஏழு ஆண்டு கற்றவள். ஒரு முழு தனிக்கச்சேரியைக்கூட நேரில் கேட்டதில்லை. ஆக, வீட்டில் பியானோ இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் இடையே நாம் நினைப்பது போல அவ்வளவு பெரிய சுவர் இல்லை.

மண்டபத்திற்குள்

நேரில் கேட்பதற்குச் சில நடைமுறைகள் தெரிந்திருக்க வேண்டும். தெரியாததால்தான் பலர் போகத் தயங்குகிறோம். நிகழ்ச்சித்தாளை முதலில் பாருங்கள். ஒரு படைப்பின் கீழ் மூன்று நான்கு வரிகள் இருந்தால் அவை அதன் பகுதிகள். பகுதிகளுக்கு இடையே கைதட்டுவதில்லை. இது லிஸ்ட் காலத்து விதியன்று. அன்று இடையிலேயே ஆரவாரம் செய்தார்கள். பின்னர் வந்த வழக்கம்தான், ஆனாலும் இன்று எல்லா இடத்திலும் அதுவே. ஐயமாக இருந்தால் மற்றவர் தட்டும் வரை காத்திருங்கள். தொடையில் தாளம் போடலாம், ஓசையில்லாமல். 'ஆஹா' கூடாது. இது எனக்கு இன்னமும் கடினமாகத்தான் இருக்கிறது. நுழைவுச்சீட்டில் இருக்கையைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் இடப்பக்கம் வாங்குங்கள். அங்கிருந்துதான் கைகள் தெரியும்.

கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரத்தின் அடியில் 1998-இல் திறக்கப்பட்ட பெட்ரோனாஸ் ஃபில்ஹார்மோனிக் மண்டபம்தான் நாட்டின் முதன்மையான இடம். கூலிமிலிருந்து அது தூரம். சீட்டும் மாணவருக்குச் சற்று அதிகம். பினாங்கு பக்கத்திலேயே இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் போதும். இவற்றைவிட எளியது, இசைத்துறை உள்ள பல்கலைக்கழகங்களில் இறுதியாண்டு மாணவர்கள் தேர்வுக்காக நடத்தும் தனிக்கச்சேரிகள். பெரும்பாலும் கட்டணம் இருக்காது. பார்வையாளரும் முப்பது நாற்பது பேர்தான். நம் வயதுக்காரர் ஒருவர் மனனமாக ஐம்பது நிமிடம் வாசிப்பார். நடுவில் ஓரிடத்தில் தடுமாறினால் நமக்கும் மூச்சு நின்றுவிடும். பதிவுகளில் அது கிடைக்காது. அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருப்பார்கள், நாம்தான் மலாய், ஆங்கிலத் தாள்களில் உணவு விழாவை மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

போவதற்கு முன் அன்றைய படைப்புகளில் ஒன்றையாவது வீட்டில் மூன்று முறை கேட்டுவிட்டுப் போங்கள். முதல் முறை சும்மா. இரண்டாம் முறை இடக்கையை மட்டும். மூன்றாம் முறை, ஒவ்வொரு வரியின் கடைசிச் சுரமும் எவ்வளவு நேரம் காதில் நிற்கிறது என்பதை மட்டும்.